எஃப்எம்யு மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பிடித்துப் பிழைக்குப் போகும் வழி

ஒரு எஃப்எம்யு, அதாவது ஒரு சிமுலேஷன் மாடலை எஃப்எம்ஐ என்ற பொதுத் தரத்தின்படி பொதிந்த கோப்பு, கைக்கு வருகிறது. அனுப்பியவரின் கணினியில் ஓடுகிறதாம், உங்களுடையதில் ஓடவில்லை. இல்லையென்றால் ஓடுகிறது, வரும் எண்கள்தான் எங்கோ இடிக்கின்றன. இந்த இரண்டில் முதலாவதைப் பார்த்து எனக்குப் பயமே இல்லை. ஓடாத மாடல் யாரையும் ஏமாற்றுவதில்லை. வழவழவென்று ஒரு கோடு வரைந்து, அறிக்கையிலும் ஏறிவிட்டு, மூன்று வாரம் கழித்துத் தப்பு என்று தெரிய வருகிறதே, அதுதான் தூக்கத்தைக் கெடுப்பது. அதனால் ஓடாத வகைகளைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிட்டு, தப்பாக ஓடும் வகைகளில் நின்று பேசுகிறேன்.

எதைத் தொடும் முன்பும்

அறிகுறி எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான். எஃப்எம்யு கோப்பை நகலெடுத்து, எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றி, பிரித்துப் பாருங்கள். அது வெறும் ஜிப் கோப்புதான். உள்ளே மாடல் டிஸ்கிரிப்ஷன் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு, பைனரிகள் இருக்கும் ஃபோல்டர், சில சமயம் ரிசோர்சஸ், அபூர்வமாக சோர்ஸ் கோடு ஆகியவை இருக்கும். எக்ஸ்எம்எல்லின் முதல் இருபது வரிகளில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பதிப்பு, எந்த வகை, எந்த டூல் உருவாக்கியது.

பதிப்பு ஏன் முக்கியம் என்றால், எஃப்எம்ஐ தரத்தின் மூன்று பதிப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. எஃப்எம்ஐ 1.0 வந்தது 2010இல், 2.0 வந்தது 2014இல், 3.0 வந்தது 2022இல். 2.0 மட்டும் தெரிந்த டூலிடம் 3.0 கோப்பைக் கொடுத்தால் அது வாயே திறக்காது. வகை என்பது மாடல் எக்ஸ்சேஞ்சா, கோ-சிமுலேஷனா என்பது. முதலாவதில் சமன்பாடுகள் மட்டும் உள்ளே இருக்கும், அவற்றைத் தீர்க்கும் சால்வர் உங்கள் பொறுப்பு. இரண்டாவதில் சால்வரும் உள்ளேயே இருக்கும், நீங்கள் 'இவ்வளவு நேரம் முன்னே போ' என்று மட்டும் சொல்கிறீர்கள். 3.0இல் ஷெட்யூல்டு எக்ஸிக்யூஷன் என்று மூன்றாவது வகையும் உண்டு. ஒரே கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளும் இருக்கலாம், அப்போது உங்கள் டூல் எதை எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

இரண்டாவது வேலை, மாடலைத் தனியாக ஓட்டிப் பார்ப்பது. எஃப்எம்பை என்ற இலவசப் பைத்தான் நூலகம் போதும். கோப்பைத் திறக்கும், விவரம் காட்டும், எக்ஸ்எம்எல்லைச் சரிபார்க்கும், ஓட்டியும் காட்டும். அதில் ஓடி உங்கள் டூலில் ஓடவில்லை என்றால் சந்தேகத்தை இம்போர்ட் பக்கம் திருப்புங்கள். இரண்டிலுமே ஓடவில்லை என்றால் அனுப்பியவர் பக்கம்.

மூன்றாவதாக, உங்கள் டூலையே சோதிக்க, எஃப்எம்ஐ தரத்தைப் பராமரிக்கும் மாடலிகா அசோசியேஷன் வெளியிடும் ரெஃபரன்ஸ் எஃப்எம்யுக்கள் இருக்கின்றன. அதில் டால்க்விஸ்ட் என்பது மிக எளிது: 1இல் தொடங்கி அடுக்குக்குறி வேகத்தில் தேய்கிற ஒரே ஒரு மாறி. 1 வினாடியில் கணக்குப்படி 0.368 வர வேண்டும். கோ-சிமுலேஷனாக ஓட்டினால் 0.349 வரும், பதற வேண்டாம். உள்ளே இருப்பது 0.1 வினாடி ஸ்டெப்பாக, அதாவது அடியடியாக, முன்னே நகர்ந்து கணக்கிடும் எளிய ஆய்லர் முறை. 0.9ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். எஃப்எம்யுவின் உள்ளே ஒரு சால்வர் உட்கார்ந்திருக்கிறது, அதன் பிழையும் சேர்ந்தே வருகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

இம்போர்ட்டே ஆகவில்லை

'எக்ஸ்எம்எல் கோப்பைக் காணோம்' என்ற செய்தி வந்தால், யாரோ ஜிப்பைப் பிரித்து ஏதோ திருத்திவிட்டு மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஃபோல்டருக்கு வெளியே நின்று ஜிப் செய்தால் எல்லாமே ஒரு ஃபோல்டருக்குள் போய்விடும். எக்ஸ்எம்எல் ஜிப்பின் வாசலிலேயே இருக்க வேண்டும், உள்ளறையில் இருக்கக் கூடாது. இன்னொன்று, சுருக்கும் முறை டிஃப்ளேட் ஆக இருக்க வேண்டும். ஜிப் மென்பொருளில் 'இன்னும் சிறிதாக்கு' என்ற ஆசையில் வேறு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் சில டூல்கள் படிக்கும், சில படிக்காது.

விண்டோஸில் பிழை எண் 193 வந்தால் 32 பிட், 64 பிட் மாறிவிட்டது. பைனரி ஃபோல்டரின் உள்ளே எந்தத் தளத்துக்கான துணைஃபோல்டர் இருக்கிறது என்று பாருங்கள். 32 பிட் மட்டும் இருந்து, அதை மாற்றித் தர ஆளில்லை என்றால், எஃப்எம்பையில் அதை வேறொரு பிராசஸில் ஓட்டி 64 பிட்டோடு இணைக்கும் வசதி இருக்கிறது. வேகம் குறையும், வேலை நடக்கும்.

பிழை எண் 126 கொஞ்சம் குசும்பு பிடித்தது. 'மாட்யூலைக் காணோம்' என்று சொல்லும், டிஎல்எல் (விண்டோஸுக்கான பைனரி கோப்பு) கண்ணெதிரே இருக்கும். காணாமல் போனது அது இல்லை, அது நம்பியிருக்கும் இன்னொரு டிஎல்எல். பெரும்பாலும் விஷுவல் சி++ ரன்டைம் நிறுவப்படாத கணினி. டிபென்டன்சீஸ் என்ற இலவச டூலில் அந்த டிஎல்எல்லைத் திறந்தால், எது இல்லையோ அது தனியாகத் தெரியும். லினக்ஸில் இதே வேலைக்கு எல்டிடி கட்டளை. அங்கே லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் பதிப்பு கிடைக்கவில்லை என்று வந்தால், மாடல் புதிய லினக்ஸில் கம்பைல் ஆகியிருக்கிறது, நீங்கள் பழையதில் ஓட்டுகிறீர்கள். பழைய லினக்ஸில் கம்பைல் செய்து தரச் சொல்லிக் கேட்பதுதான் ஒரே நல்ல வழி. சோர்ஸ் கோடு உள்ளேயே இருந்தால் நீங்களே உங்கள் கணினிக்குக் கம்பைல் செய்துகொள்ளலாம்.

பைனரியின் பெயரை அழகுபடுத்தாதீர்கள். எக்ஸ்எம்எல்லில் மாடல் ஐடென்டிஃபையர் என்று இருக்கும் பெயரும் டிஎல்எல்லின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே இருக்கும் எஃப்எம்யு கோப்பின் பெயரை மாற்றுவதில் சிக்கல் இல்லை.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் தற்காலிக ஃபோல்டரின் பாதையிலும் தமிழ் எழுத்து வந்துவிடும். பழைய சி குறியீட்டால் அந்தப் பாதையைத் திறக்க முடியாமல் போகலாம். காரணமே புரியாத பிழை வந்தால் வட்டின் வாசலிலேயே சின்னதாக ஆங்கிலப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே பிரித்துப் பாருங்கள். 260 எழுத்தைத் தாண்டும் பாதைச் சிக்கலும் இதே வைத்தியத்தில் தீரும்.

லோட் ஆகிறது, உயிர் வரவில்லை

டிஎல்எல் ஏறிவிட்டது, ஆனால் மாடலின் ஒரு பிரதியை (இன்ஸ்டன்ஸ்) உருவாக்கும் இன்ஸ்டன்ஷியேட் என்ற அழைப்பு வெறுங்கையோடு திரும்புகிறது. முதலில் லாகிங்கை இயக்குங்கள். பல எஃப்எம்யுக்கள் காரணத்தைத் தெளிவாகவே சொல்லும், நாம்தான் அதன் வாயை மூடி வைத்திருப்போம்.

அடையாளக் குறி பொருந்தவில்லை என்று வந்தால், எக்ஸ்எம்எல் ஒரு எக்ஸ்போர்ட்டிலிருந்தும் டிஎல்எல் இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கின்றன. 2.0இல் இதற்கு ஜியுஐடி என்று பெயர், 3.0இல் இன்ஸ்டன்ஷியேஷன் டோக்கன். 'டிஎல்எல்லை மட்டும் மாற்றி அனுப்பினேன்' என்று யாராவது சொன்னால் இதுதான் நடந்திருக்கிறது. அந்தக் குறியைக் கையால் திருத்திப் பொருத்திவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மாறிகளின் வரிசை மாறியிருந்தால் வேகத்தைக் கேட்டு வெப்பநிலையை வாங்குவீர்கள். காவல்காரனை அனுப்பிவிட்டுத் திருட்டுப் போய்விட்டதே என்று புலம்பக் கூடாது.

ரிசோர்சஸ் ஃபோல்டரில் அட்டவணைகள் இருந்தால் அதன் முகவரி சரியாகப் போகிறதா என்று பாருங்கள். 2.0இல் அது ஃபைல் என்று தொடங்கும் யூஆர்ஐ. விண்டோஸில் மூன்று சாய்கோடு வேண்டும், இடைவெளிகள் குறியீடாக மாற வேண்டும். 3.0இல் சாதாரணப் பாதை, கடைசியில் ஒரு சாய்கோடு. 2.0க்கு எழுதிய மாஸ்டரை, அதாவது எஃப்எம்யுக்களை ஓட்டும் நிரலை, அப்படியே 3.0க்கு நகர்த்துபவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்.

எக்ஸ்எம்எல்லில் 'இயக்க டூல் தேவை' என்ற கொடி உண்மை என்று இருந்தால், அந்த எஃப்எம்யு வெறும் உறை. உண்மையான மென்பொருள் உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். லைசென்ஸ் கேட்கும் எஃப்எம்யுவும் இங்கேதான் நிற்கும். அலுவலக வலைக்குள் ஓடி, வீட்டில் ஓடாமல், சர்வரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடினால் லைசென்ஸைத் தவிர வேறெதையும் சந்தேகிக்காதீர்கள்.

சொந்தமாகப் பைத்தானில் மாஸ்டர் எழுதுபவர்களுக்கு: எஃப்எம்யு திருப்பி அழைக்கும் கால்பேக் ஃபங்ஷன்களை உருவாக்கி அதனிடம் கொடுத்துவிட்டு, அவற்றை ஒரு மாறியில் பிடித்து வைக்க மறந்தால், பயன்படாத நினைவகத்தைக் காலி செய்யும் பைத்தானின் குப்பை சேகரிப்பான் எடுத்துப் போய்விடும். முதல் சில ஸ்டெப் ஓடும். அப்புறம் எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் விழும். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் கிராஷ் ஆகிறது என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

பாராமீட்டரை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை

எப்போது மாற்றினீர்கள் என்பதுதான் கேள்வி. எக்ஸ்எம்எல்லில் அந்த மாறியின் வேரியபிலிட்டி 'ஃபிக்ஸ்டு' என்று இருந்தால், இனிஷியலைசேஷன் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் சில எஃப்எம்யு பிழை சொல்லும், சில சத்தமில்லாமல் விழுங்கிவிடும். 'ட்யூனபிள்' என்று இருந்தால் மட்டுமே ஓடும்போது மாற்றலாம். காஸாலிட்டி என்ற இடத்தில் 'கால்குலேட்டட் பாராமீட்டர்' என்று இருந்தால் அது வேறு ஒன்றிலிருந்து கணக்கிடப்படுவது, நேரடியாகக் கொடுக்கவே முடியாது. இன்னொரு வாய்ப்பு, எக்ஸ்போர்ட் செய்யும்போதே அந்த எண்ணை டூல் மாறிலியாக உருக்கிக் குறியீட்டில் ஊற்றியிருக்கும். அப்படியானால் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து வாங்குவதைத் தவிர வழியில்லை.

பாதி வழியில் நின்றுவிடுகிறது

ஒரு ஸ்டெப் முன்னே போகச் சொல்லும் டூஸ்டெப் அழைப்பு 'டிஸ்கார்ட்' என்று திரும்பினால் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கேட்ட தூரம் முழுக்கப் போக முடியவில்லை என்கிறது. கடைசியாக வெற்றிகரமாக எட்டிய நேரம் எது என்று அதனிடமே கேட்கலாம். 'எரர்' என்றால் அந்த இன்ஸ்டன்ஸை ரீசெட் செய்யாமலோ, முன்பு சேமித்த நிலைக்குத் திருப்பாமலோ தொடர முடியாது. 'ஃபேட்டல்' என்றால் அந்த எஃப்எம்யுவின் எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் சேர்த்து மூடுவிழா.

நிற்கும் இடம் எப்போதும் கடைசி ஸ்டெப்தான் என்றால் மிதவைப்புள்ளிக் கணக்கைப் பாருங்கள். 0.1ஐப் பத்து முறை கூட்டினால் கணினியில் 1 வராது, 0.9999999999999999 வரும். இன்னும் கொஞ்சம் பாக்கி என்று நினைத்து மாஸ்டர் ஒரு முழு ஸ்டெப் அதிகமாகக் கேட்கும். முடிவு நேரத்தை முன்பே சொல்லியிருந்தால், அதைத் தாண்ட எஃப்எம்யு மறுக்கும். நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல், ஸ்டெப் எண்ணை ஸ்டெப் அளவால் பெருக்கி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுங்கள்.

முதல் ஸ்டெப்பிலேயே நின்றால் ஸ்டெப் அளவைச் சந்தேகியுங்கள். உள்ளே 0.01 வினாடி என்று நிலையான ஸ்டெப் இருக்கும்போது நீங்கள் 0.015 கேட்டால் அது எங்கே போகும்? முழுமடங்காகக் கொடுங்கள். 'மாறும் ஸ்டெப்பைத் தாங்குவேன்' என்ற கொடி எக்ஸ்எம்எல்லில் இல்லாவிட்டால், வழியில் ஸ்டெப் அளவை மாற்றாதீர்கள்.

ஓடுகிறது, எண்கள் அபத்தமாக இருக்கின்றன

விடையை எதிர்பார்த்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 57.3 வந்தால் ரேடியன், டிகிரி குழப்பம். 9.55 வந்தால் ரேடியன் பெர் செகண்டும் ஆர்பிஎம்மும். வகுத்தால் ஒன்றும் புரியாமல், கழித்தால் 273.15 வந்தால் கெல்வின். 3.6 வந்தால் சொல்லவே வேண்டாம், வண்டி ஓட்டுபவர் எல்லோருக்கும் தெரிந்த எண். எஃப்எம்ஐயில் எல்லை தாண்டிப் போகும் எண் எப்போதும் 'யூனிட்' என்று எழுதப்பட்ட அலகில்தான் இருக்கும், திரையில் காட்டும் 'டிஸ்ப்ளே யூனிட்'டில் இல்லை. ஒரு முறை மோட்டார் மாடல் ஒன்றில் மூன்று நாள் செலவழித்தேன். அனுப்பியவர் திரையில் டிகிரி தெரிந்தது, எக்ஸ்எம்எல்லில் ரேடியன் இருந்தது, நான் அவர் அனுப்பிய படத்தை நம்பினேன். எக்ஸ்எம்எல்லை நம்பியிருக்க வேண்டும்.

அளவு சரி, குறி மட்டும் தலைகீழ் என்றால் திசை வழக்கம். மாடலிகா என்ற மாடலிங் மொழியில் இணைப்புக்குள் பாய்வது கூட்டல் குறி. எதிர்ப்பக்க மாடலை எழுதியவர் வெளியே போவதைக் கூட்டல் என்று வைத்திருந்தால், ரேடியேட்டர் அறையைக் குளிரவைக்கும்.

நேற்று வரை சரியாக இருந்து, புது எக்ஸ்போர்ட் வந்ததும் எல்லாம் கலைந்துவிட்டது என்றால், யாரோ ஒவ்வொரு மாறிக்கும் உரிய வேல்யூ ரெஃபரன்ஸ் எண்களை நேரடியாகக் குறியீட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண்கள் ஒரு எக்ஸ்போர்ட்டுக்கும் அடுத்ததற்கும் மாறலாம். பெயரைக் கொண்டு எக்ஸ்எம்எல்லில் தேடி எண்ணை எடுப்பதுதான் முறை.

நேரம் போகப் போக ஆட்டம் கூடுகிறது

இங்கேதான் கொஞ்சம் உட்கார வேண்டும். இரண்டு எஃப்எம்யுவும் தனித்தனியாகத் தங்கம். சேர்த்து ஓட்டினால் அதிர்வு மெதுவாக வளர்கிறது. யாரும் பிழை சொல்லவில்லை.

சின்னதாக ஒன்று கட்டிப் பார்ப்போம். ஒரு எஃப்எம்யுவில் ஒரு நிறை மட்டும், விசையை வாங்கி இடப்பெயர்ச்சியைத் தரும். இன்னொன்றில் ஒரு ஸ்பிரிங் மட்டும், இடப்பெயர்ச்சியை வாங்கி விசையைத் தரும். தணிப்பு எதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் வினாடிக்கு ஒரு அதிர்வு. வீச்சு மாறாமல் காலம் முழுக்க ஆட வேண்டும். தகவல் பரிமாறும் ஸ்டெப் 0.01 வினாடி. ஒரு அதிர்வுக்கு 100 ஸ்டெப், தாராளம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால், அதாவது நிறை ஒரு ஸ்டெப் போனதும் அதன் புது இடப்பெயர்ச்சியை ஸ்பிரிங்குக்குக் கொடுத்து ஓட்டினால், வினாடிக்கு வீச்சு 10 சதவீதம் கூடுகிறது. 10 வினாடியில் 2.7 மடங்கு. இரண்டையும் ஒரே நேரத்தில், பழைய மதிப்புகளோடு ஓட்டினால் வினாடிக்கு 34 சதவீதம். 10 வினாடியில் 19 மடங்கு! உள்ளே இருக்கும் சால்வர்கள் பிசகே இல்லாமல் வேலை செய்தாலும் இதே எண்கள்தான் வரும்.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது? ஒரு ஸ்டெப் முழுக்க விசை மாறாமல் பிடித்து வைக்கப்படுகிறது. நிறை நகர்ந்துவிட்டது, ஸ்பிரிங் இன்னும் பழைய இடத்துக்கான விசையையே கொடுத்துக்கொண்டிருக்கிறது. சராசரியாக அரை ஸ்டெப் தாமதம். ஊஞ்சலில் கொஞ்சம் பிந்தித் தள்ளினால் என்ன ஆகும்? கணக்கில் அது எதிர்மறைத் தணிப்பாக வருகிறது, ஆட்டத்துக்குத் தீனி போடுகிறது. ஒரே நேரத்தில் ஓட்டும் முறையில் தாமதம் ஒன்றரை ஸ்டெப், அதனால்தான் வளர்ச்சி வேகமும் மூன்று மடங்கு.

இதற்கு வைத்தியம் மூன்று. ஸ்டெப்பைக் குறைப்பது முதலாவது: 0.001 என்று வைத்தால், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் முறையில் வளர்ச்சி வினாடிக்கு 1 சதவீதமாக இறங்கும். நேர்விகிதத்தில்தான் இறங்குகிறது, அற்புதம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது, ஒரே நேரத்தில் ஓட்டுவதை விட்டு வரிசையாக ஓட்டுவது, உங்கள் மாஸ்டர் அனுமதித்தால். மூன்றாவது, இன்புட்டை அப்படியே பிடித்து வைக்காமல் அதன் சரிவையும் சேர்த்துக் கொடுப்பது. இதற்கு 'இன்புட்டை இடைக்கணிப்பேன்' என்ற கொடி எக்ஸ்எம்எல்லில் இருக்க வேண்டும், எல்லாவற்றிலும் இருக்காது.

உண்மையான மாடல்களில் தணிப்பு இருக்கும், அதனால் இந்த வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. தணிப்பு குறைவாக இருப்பதுபோல் மட்டும் தெரியும். அதுதான் ஆபத்து. டேம்பர் போதவில்லை என்று முடிவு கட்டி அதை மாற்றப் போய்விடுவார்கள். அதனால் இணைத்து ஓட்டிய எந்த முடிவையும் ஸ்டெப்பைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். கோடுகள் விலகினால் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது மாடலை இல்லை, இணைப்பை.

இதோடு சேர்ந்த ஒரு சின்னப் புகார்: 'இன்புட் கொடுத்தேன், உடனே அவுட்புட் கேட்டேன், பழைய மதிப்பே வருகிறது.' 2.0 கோ-சிமுலேஷனில் ஓட்டம் தொடங்கிய பிறகு அப்படிக் கேட்கவே கூடாது. கொடுத்ததற்கும் கேட்பதற்கும் நடுவே ஒரு டூஸ்டெப் இருக்க வேண்டும் என்பது விதி. சில எஃப்எம்யு புது மதிப்பைத் தரும், சில தராது, இரண்டையும் குறை சொல்ல முடியாது.

ஸ்டெப்பைக் குறைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது

மேலே சொன்ன வைத்தியம் பலிக்காமல், ஸ்டெப்பைக் குறைக்கக் குறைக்க இன்னும் சீக்கிரமாக வெடிக்கிறதா? அப்போது நோய் வேறு. இரண்டு மாடலிலும் இன்புட் நேராக அவுட்புட்டைத் தொடுகிறது, இணைத்ததும், இதன் விடை அதற்கும் அதன் விடை இதற்கும் அதே கணத்தில் தேவைப்படும் ஒரு இயற்கணித வளையம் உருவாகிவிட்டது.

கையால் போட்டுப் பார்க்கலாம். 10 கிலோ நிறையும் 15 கிலோ நிறையும் இறுக்கமாக ஒட்டியிருக்கின்றன. 100 நியூட்டன் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து 25 கிலோ, முடுக்கம் 4 வர வேண்டும். 10 கிலோவை ஒரு எஃப்எம்யுவில் வைத்து முடுக்கத்தைக் கணக்கிட வைக்கிறோம், 15 கிலோவை இன்னொன்றில் வைத்து எதிர்விசையைக் கணக்கிட வைக்கிறோம். எதிர்விசை சுழியில் தொடங்கினால் முடுக்கம் 10. எதிர்விசை 150. அடுத்த முடுக்கம் −5. அடுத்து 17.5, அப்புறம் −16.25. ஒவ்வொரு ஸ்டெப்பிலும் பிழை 1.5 மடங்காகிறது, குறியும் மாறுகிறது. 1.5 என்பது வேறொன்றுமில்லை, 15ஐ 10ஆல் வகுத்தது. இந்தக் கணக்கில் ஸ்டெப் அளவு எங்கேயாவது வந்ததா? வரவே இல்லை. அதனால் அதைக் குறைத்தால், அதே வெடிப்பு குறைந்த நேரத்தில் நடக்கும்.

இப்போது பொறுப்பை மாற்றிக் கொடுங்கள். 15 கிலோ முடுக்கத்தைக் கணக்கிடட்டும், 10 கிலோ எதிர்விசையைக் கொடுக்கட்டும். முடுக்கம் 6.67, 2.22, 5.19, 3.21 என்று ஆடி ஆடி 4இல் போய் அமர்கிறது. மாடல்கள் அவையேதான், யார் எதைக் கணக்கிடுவது என்பது மட்டும் மாறியது.

அறிகுறியை அடையாளம் காண்பது எளிது: ஸ்டெப்புக்கு ஸ்டெப் குறி மாறும் ரம்பப் பல். எக்ஸ்எம்எல்லின் கடைசியில் மாடல் ஸ்ட்ரக்சர் பகுதியில் எந்த அவுட்புட் எந்த இன்புட்டைச் சார்ந்தது என்று எழுதியிருக்கும். இரண்டு கோப்பிலும் அதைப் படித்துக் காகிதத்தில் அம்பு போட்டால் வளையம் தெரிந்துவிடும். அந்தச் சார்பு விவரம் எழுதப்படவில்லை என்றால் எல்லாம் எல்லாவற்றையும் சார்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

எஃப்எம்யு தன் நிலையைச் சேமித்துத் திரும்பக் கொடுக்கும் வசதி கொண்டதாக இருந்தால், ஒரே ஸ்டெப்பைப் பலமுறை ஓட்டி ஒத்துப்போகும் வரை திருத்தலாம். அந்த வசதி கட்டாயமில்லை என்பதால் பலவற்றில் இருக்காது. அதனால் என் முதல் தேர்வு எப்போதும் வெட்டும் இடத்தை மாற்றுவதுதான். இறுக்கமான மூட்டில் வெட்டாதீர்கள். புஷ், ஸ்பிரிங், டயர், நீளமான குழாய் என்று எங்கே இளக்கம் இருக்கிறதோ அங்கே வெட்டுங்கள். வெட்டவே கூடாத இடம் என்றால் இரண்டையும் ஒரே எஃப்எம்யுவாக எக்ஸ்போர்ட் செய்யச் சொல்லுங்கள். எஃப்எம்ஐயைத் தொடங்கிவைத்த கார் நிறுவனமான டைம்லரின் நோக்கமே, பாகம் தரும் நிறுவனங்களோடு மாடல்களைப் பரிமாறிக்கொள்வதை எளிதாக்குவதுதான். ஆனால் நடைமுறையில் வெட்டுக்கோடு போவது நிறுவன எல்லையோடு. இயற்பியலுக்கு அந்த எல்லை தெரியாது.

பந்து தரையைத் துளைத்துக்கொண்டு போகிறது

இது மாடல் எக்ஸ்சேஞ்சுக்கு மட்டும் வரும் நோய். ரெஃபரன்ஸ் எஃப்எம்யுக்களில் இருக்கும் துள்ளும் பந்தை எடுங்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, 0.45 வினாடியில் தரையைத் தொட வேண்டும், 0.7 பங்கு வேகத்தோடு எழும்ப வேண்டும். எழும்பாமல் கீழே போய்க்கொண்டே இருந்தால், தரை தட்டுவது போன்ற நிகழ்வைக் குறி மாறிக் காட்டும் ஈவென்ட் இண்டிகேட்டரை உங்கள் சால்வர் பார்ப்பதில்லை. அதன் குறி மாறும் கணத்தைக் கண்டுபிடித்து, ஈவென்ட் மோடுக்குள் போய்த் திரும்புவது சால்வரை எழுதியவரின் வேலை. பார்க்கிறது, ஆனாலும் எழும்பவில்லை என்றால், ஈவென்ட்டுக்குப் பிறகு மாறிய வேகத்தை எஃப்எம்யுவிடமிருந்து மறுபடி வாங்க மறந்திருக்கிறீர்கள்.

சிமுலேஷன் 2.56 வினாடிக்கு அருகே வந்து உறைந்துபோனால் இன்னொரு கதை. துள்ளல்கள் ஒவ்வொன்றும் 0.7 பங்காகக் குறுகி, எண்ணற்ற துள்ளல்கள் அந்த நேரத்துக்குள் வந்து குவிகின்றன. ரெஃபரன்ஸ் மாடலில் ஒரு குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே பந்து நின்றுவிடும். நீங்களே எழுதிய மாடலில் அந்த நிறுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வு, கிளட்ச், உராய்வு எல்லாவற்றிலும் இதே பந்துதான் வேறு வேஷத்தில் வரும்.

முதல் தடவை ஒரு விடை, இரண்டாம் தடவை வேறு

ரீசெட் அழைப்பு எல்லாவற்றையும் அழிக்கவில்லை. கையால் எழுதிய சி குறியீட்டை எஃப்எம்யுவாகப் போர்த்தியிருந்தால், உள்ளே ஸ்டாட்டிக் மாறிகள் இருக்கும், அவை டிஎல்எல் இறங்கும் வரை சாவதில்லை. இதே மாடலை நான்கு சக்கரத்துக்கு நான்கு முறை இன்ஸ்டன்ஷியேட் செய்தால், நான்கும் ஒரே நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். 'ஒரு பிராசஸுக்கு ஒன்றுதான்' என்ற கொடியை எக்ஸ்எம்எல்லில் தேடுங்கள். கொடி இல்லாவிட்டாலும் சந்தேகம் இருந்தால், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனிப் பிராசஸ். அழகில்லைதான், ஆனால் ராத்திரி நிம்மதி.

அனுப்பியவரிடம் திருப்பிக் கேட்கும்போது

'உங்கள் மாடல் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் 'எங்களிடம் வேலை செய்கிறதே' என்றுதான் பதில் வரும். எஃப்எம்பையில் தனியாக ஓட்டிய லாக், அதில் கொடுத்த இன்புட்டுகள் ஒரு சிஎஸ்வி கோப்பாக, ஸ்டெப் அளவு, இயங்குதளம், எக்ஸ்எம்எல்லில் இருக்கும் அடையாளக் குறி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். அடையாளக் குறி முக்கியம், நீங்கள் இருவரும் ஒரே கோப்பைப் பற்றித்தான் பேசுகிறீர்களா என்பது அதில்தான் தெரியும். அவரிடமிருந்து அதே இன்புட்டுக்கு அவர் டூலில் வந்த அவுட்புட்டைக் கேட்டு வாங்குங்கள். அது வரும் வரை இணைத்து ஓட்டும் வேலையைத் தொடங்காதீர்கள்.